நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் டெல்லியின் கைக்குப் போய்விடுமா?

அடுத்த கேள்வி, ஒரு கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன். "ஐயா, எங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டு, பல மாநிலச் சங்கம் ஒன்றோடு இணைத்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். கம்பெனிகளைப் போல லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?"

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அப்படி யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. கூட்டுறவுச் சங்கங்கள் அரசமைப்புச் சட்டத்தில் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசு சட்டம் போடும் விஷயங்களில் இருக்கின்றன. உங்கள் சங்கம் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் வருவது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் பல மாநிலச் சங்கங்களுக்குத்தான் 2002ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். மாநிலச் சங்கங்களுக்கும் நாடு முழுக்க ஒரே மாதிரி விதி வைக்க அரசமைப்புச் சட்டத்தின் 97ஆவது திருத்தம் முயன்றது. பாதி மாநிலங்களின் ஒப்புதல் வாங்காமல் கொண்டுவந்ததால் அந்தப் பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மாதம்தான் மத்தியில் கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகமும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் இத்தனை பேச்சு.

ஆனால் இணைப்பு என்று கேட்டீர்களே, அது வெறும் வதந்தி இல்லை. 2002 சட்டத்தை 2023 ஆகஸ்டில் திருத்தினார்கள். மாநிலச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம், ஏற்கெனவே இயங்கும் பல மாநிலச் சங்கத்தோடு இணையலாம் என்று அதில் வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன வேண்டும்? சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் இல்லை, வந்து வாக்களிப்பவர்களில். இந்த இடத்தைக் கவனியுங்கள்.

சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். சங்கத்தில் 1,200 உறுப்பினர்கள், கூட்டத்துக்கு வந்து வாக்களித்தவர்கள் 150 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும். வீட்டில் இருந்த 1,050 பேரின் பங்குத் தொகையும், சங்கத்தின் கிடங்கும் நிலமும் அந்த 100 பேரின் முடிவோடு போய்விடும். இவ்வளவு பெரிய முடிவுக்கு இந்த அளவுகோல் போதாது என்பதுதான் என் கருத்து. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது சம்மதிக்க வேண்டும் என்று வைத்திருக்கலாம். ஒரு பாதுகாப்பு மட்டும் இருக்கிறது: அந்தத் தீர்மானம் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று திருத்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் சங்கம் மட்டும் தீர்மானம் போட்டு உடனே கிளம்பிவிட முடியாது.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பேரவைக் கூட்ட அறிவிப்பு வந்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். பொருள் பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று கடைசி வரி வரைக்கும் படியுங்கள். இணைப்பு என்ற வார்த்தை எங்காவது இருந்தால், எந்தச் சங்கத்தோடு, அதன் கடன் நிலவரம் என்ன, வைப்புத் தொகைக்கு யார் பொறுப்பு என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள்.

அந்தத் திருத்தத்தில் நல்லதும் இருக்கிறது. பல மாநிலச் சங்கங்களின் தேர்தலை நடத்தத் தனி ஆணையம், உறுப்பினர் புகாரை விசாரிக்கக் குறைதீர்ப்பாளர் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பணம் போட்டுவிட்டு அலைந்த எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு இடம் முன்பே இருந்திருக்க வேண்டும். அப்புறம், நலிந்த சங்கங்களைத் தூக்கி நிறுத்த ஒரு நிதி. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லாபம் பார்த்த பல மாநிலச் சங்கங்கள், ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் அல்லது நிகர லாபத்தில் 1 சதவீதம், எது குறைவோ அதை இதில் செலுத்த வேண்டும். உங்கள் சங்கத்துக்கு இது பொருந்தாது.

கடைசியாக அந்த 2 சதவீதம். அது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம் கம்பெனி இல்லை, ஆகவே இந்தப் பிரிவு உங்களைத் தொடாது. சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் பற்றி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பொறுப்பு அறிக்கையும், அந்தச் சந்தையில் பட்டியலிட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்குத்தான். ஆனால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஒன்றில் நீங்கள் பங்கு வைத்திருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். கூட்டுறவு மாதிரி நடந்தாலும் அது கம்பெனிகள் சட்டத்தில் பதிவானது. பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் எந்தச் சட்டம் என்று அதிலேயே இருக்கும்.