அலமாரியோட சேர்ந்த லைட் கெட்டுப்போனா அலமாரியை உடைக்கணுமா?

அடுத்த கேள்வி, சிங்கப்பூர் செங்காங்ல புது பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செஞ்சு வாங்குற புது வீவக வீடு) சாவி வாங்கியிருக்கிற ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. "தனியா லைட்டுன்னு எதுவும் தெரியாம, அலமாரி, சுவர், சீலிங் எல்லாமே வெளிச்சம் தர்ற மாதிரி டிசைனர் வரைஞ்சு குடுத்திருக்காரு. அழகாத்தான் இருக்கு. ஆனா லைட் போச்சுன்னா அலமாரியையே உடைக்கணுமா? செய்யலாமா, வேணாமா?"

செய்யலாம்க்கா, தாராளமா. ஆனா ஒண்ணு. 'அலமாரியே வெளிச்சம் தருது'ங்கிற பேர்ல இப்ப செய்றதுல பெரும்பாலும் லைட்டை ஒளிச்சு வைக்கிற வேலைதான். பலகைக்குப் பின்னாடி எல்இடி ஸ்டிரிப்பை, அதாவது சின்னச் சின்ன விளக்கு வரிசையா இருக்கிற பட்டையை ஒட்டிட்டா, விளக்கும் பலகையும் ஒண்ணாகிடாது. அந்தப் பலகையோ கம்பியோ விளக்குக்காக ஏதாவது வேலை பார்க்கணும்.

1972ல ரிச்சர்ட் சாப்பர், ஆர்ட்டெமிடே கம்பெனிக்காக டிசியோன்னு ஒரு மேசை விளக்கு செஞ்சாரு. அதோட கைகள்ல வயரே ஓடாது. உலோகக் கை வழியாவே குறைஞ்ச வோல்ட் மின்சாரம் பல்புக்குப் போகுது. வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கனமா இருக்கும்ல? அதை அடியில வச்சு, விளக்கு சாயாம இருக்க அதையே எடையாக்கிட்டாரு. தாங்குறதும் அதே கை, கரண்டைக் கொண்டுபோறதும் அதே கை. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கல. நம்ம மரினா பேல இருக்கிற ஹெலிக்ஸ் பாலத்துலயும், சுருண்டு போற அந்த எஃகு வடிவத்தையே ராத்திரி லைட் கோடு போட்டுக் காட்டும். சும்மா ஒரு நடை போய்ப் பாருங்க.

சரி, உங்க அலமாரிக்கு வருவோம். எல்இடி விளக்கோட சூடு முன்பக்கமா வராது, பின்பக்கமாத்தான் இறங்கும். பின்னாடி பிளைவுட் இருந்தா அது சூட்டை வாங்கிக்காது. அதனால நேரா மரத்துல ஒட்டின ஸ்டிரிப் சீக்கிரம் மங்கும், பசையும் விட்டுரும். அடுப்புக்கு மேல இருந்தா கேக்கவே வேணாம், ஆவி பட்டுப்பட்டு ஒருநாள் முனை கழண்டு ரசத்துக்கு மேல தொங்கும். அதுக்குத்தான் அலுமினிய புரொஃபைல், ஸ்டிரிப்பை உள்ள ஒட்டுற நீளமான அலுமினியச் சட்டம். பலகையில காடி போட்டு அதை உள்ள பதிச்சுட்டா, சூட்டையும் அது இழுத்துக்கும், பலகையோட விளிம்பாவும் அதுவே நிக்கும். மேல இருக்கிற பால்நிற மூடியை நகத்தாலயே கழட்டலாம். ஸ்டிரிப் போனா ஸ்டிரிப்பை மட்டும் மாத்துங்க, அலமாரிக்கு ஒண்ணும் ஆகாது. மூடி போட மறந்துராதீங்க. இல்லன்னா பளபளக்கிற குவார்ட்ஸ் மேடையில எல்இடி புள்ளி புள்ளியாத் தெரியும்.

ஸ்டிரிப்புக்கு முன்னாடியே கெட்டுப்போறது பெரும்பாலும் டிரைவர்தான், வீட்டுக் கரண்டை ஸ்டிரிப்புக்கு ஏத்த மாதிரி குறைச்சுக் குடுக்கிற சின்னப் பெட்டி. உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் சூட்டுல காஞ்சுரும். அதைக் கொண்டுபோய் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல, காத்தே போகாத இடத்துல போட்டு மூடிட்டா, அப்புறம் உங்க பயம் நியாயம்தான், போர்டை அறுத்துத்தான் எடுக்கணும். கான்ட்ராக்டர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வியே "டிரைவர் எங்க?" அலமாரித் தலைமேலயோ, கழட்டுற மூடிக்குப் பின்னாடியோ, கை எட்டுற இடமா இருக்கணும். ஸ்டிரிப் ரொம்ப நீளமா ஓடுறதா இருந்தா 12 வோல்ட் வேணாம், 24 கேளுங்க. 12ல கடைசி முனைக்கு வெளிச்சம் சோந்துபோயிதான் வரும். டிரைவருக்கு வர்ற 230 வோல்ட் வீட்டுக் கரண்டோட வயரிங், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை, கார்பென்டர் கையில விட்டுராதீங்க.

சீலிங்ல பெரிசா எதுவும் வேணாம்னுதான் சொல்வேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்ல ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் தரையிலிருந்து 2.4 மீட்டர் விட்டாகணும், நமக்கு இருக்கிற உயரமே கொஞ்சம். கான்கிரீட்டைக் கொத்தி லைட்டைப் பதிக்கிற பேச்சை யாராவது எடுத்தா உடனே வேணாம்னு சொல்லிருங்க.

வெளிச்சத்தோட நிறத்தையும் சொல்லிடறேன். ஹாலுக்கு 3000 கெல்வின், அதாவது லேசா மஞ்சள் கலந்த வெள்ளை போதும். லைட் கடைகள் இருக்கிற பாலஸ்டியர் ரோட்ல வாங்கறதா இருந்தா, எல்லா ரூமுக்கும் ஒரே தடவையில வாங்கி, ஒரு ரோல் கூடுதலா எடுத்து வச்சுக்கங்க. அதே நம்பர் போட்டிருந்தாலும் அடுத்த லாட்ல நிறம் லேசா மாறியிருக்கும், பக்கத்துல பக்கத்துல எரிஞ்சா கண்ணுல குத்தும்.