ஏர்கான் சொல்லும் பலன்

நேயர்களுக்கு வணக்கம். பல்லி சொன்னால் எந்தத் திசை, என்ன பலன் என்று கேட்கிற வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அதே சுவரில் இருக்கும் ஏர்கான் ராத்திரி முழுக்கக் கடகடத்தாலும் யாரும் பலன் கேட்பதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறோம்!

ஏர்கான் பழுதுபார்ப்பது என் தொழில். "தம்பி, ஒரு மாதிரியா சத்தம் வருது" என்றுதான் அழைப்பார்கள். "எப்போ வருதும்மா?" என்பேன். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

ஏர்கானைப் போட்டவுடனும் நிறுத்திய பிறகும் 'டிக், படக்' என்று கேட்டால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறை குளிரில் சுருங்கித் திரும்ப விரிகிறது. நிறுத்தியதும் 'உஸ்' என்றால், குழாய்க்குள் குளிரூட்டும் கேஸின் அழுத்தம் சமனாகிறது. இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் வெளியே ஒரே பெட்டி, உள்ளே இரண்டு மூன்று அறைகளுக்கு இணைப்பு. பக்கத்து அறையில் ஏர்கான் ஓடும்போது, நிறுத்தி வைத்த உங்கள் அறையிலும் லேசாகச் சலசலக்கலாம். பேய் பிசாசு இல்லை, கொஞ்சம் கேஸ் அதற்குள்ளும் போய்வருகிறது.

விடாமல் வரும் சத்தத்துக்கு ஒரு சோதனை உண்டு. ரிமோட்டில் காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால் கோளாறு பெரும்பாலும் உள்விசிறியில். அடுத்து, மற்ற அறை ஏர்கான்களை அணைத்துவிட்டு, இதில் 'ஃபேன்' மட்டும் ஓடவிடுங்கள். வெளிப்பெட்டியில் கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் நின்றுவிடும். அதோடு சத்தமும் நின்றால், பார்க்க வேண்டியது கம்ப்ரஸரையும் கேஸ் குழாய்களையும். நிற்காவிட்டால் விசிறிதான். அதன் இதழ்களில் அழுக்கு அப்பி ஒரு பக்கம் கனத்துவிட்டால் தடதடக்கும், கெமிக்கல் வாஷ் (ரசாயனம் ஊற்றிக் கழுவுவது) செய்தால் சரியாகும். 'கீச்' என்றால் பெரும்பாலும் மோட்டார் பேரிங் தேய்ந்திருக்கும். தேய்ந்த பேரிங்கை எந்த வாஷும் மீட்காது. அதற்கும் வாஷ் செய்யலாம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

மாடி உயரமான வீடுகளில் 'பொளக் பொளக்' என்று கொப்பளிக்கும் ஓசை கேட்டுப் பலர் பயந்துபோகிறார்கள். சன்னல்கள் எல்லாம் மூடி, சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடினால், வீடு வெளிக்காற்றை எந்த வழியிலாவது இழுக்கப் பார்க்கும். ஏர்கானின் தண்ணீர் வடியும் குழாய் வழியாக அது ஏறிவரும்போது, உள்ளே நிற்கும் தண்ணீர் கொப்பளிக்கிறது. சன்னலைக் கொஞ்சம் திறங்கள். ஓசை நின்றால் அதுதான் காரணம். திறந்தும் நிற்காமல், கீழே சொட்டவும் செய்தால் குழாயில் பாசிபோல் வழுவழுப்பு அடைத்திருக்கிறது. இங்குள்ள ஈரப்பதத்துக்கு இது சகஜம், உறிஞ்சி எடுத்துவிடலாம்.

ஓடும்போதே இடைவிடாமல் 'உஸ்', குளிரும் போதவில்லை, உள்ளே குழாயில் பனி படிகிறது என்றால் கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோகிற பொருளே அல்ல. ஆண்டுதோறும் கேஸ் ஏற்றச் சொல்பவரிடம், கசிவு எங்கே என்று முதலில் கேட்க வேண்டும்.

வெளிப்பெட்டி உறுமினால், அடியிலுள்ள ரப்பர் கட்டைகள் இற்றிருக்கலாம், தாங்கும் கம்பிச்சட்டம் துருப்பிடித்திருக்கலாம். சன்னல் வழியே எட்டித் தொடாதீர்கள். கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்ற ஆளை அழையுங்கள். (அந்தப் பெட்டியின் மின்பலகைக்குள் பல்லி புகுந்து கருகிப்போவதும் உண்டு. தன் பலனை அது பார்க்கவில்லை போலும்.) கருகல் வாடையோடு 'ர்ர்ர்' என்ற இரைச்சல் வந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

நம் ஊரில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் தேவையில்லை, குளியலறை ஹீட்டர் மட்டுந்தான். தொட்டி உள்ள ஹீட்டரில் தண்ணீர் சூடேறும்போது மெல்லிய முனகல் இயல்பு. 'டப் டப்' என்று பலமாக வெடித்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நாங்கள் கருவிப் பையோடு வந்து நின்றால் பெட்டி ஊமையாகிவிடும். அதனால் சத்தம் வரும்போதே கைப்பேசியில் பதிவுசெய்து, போட்ட எத்தனை நிமிடத்தில் வந்தது, வேகத்தை மாற்றியபோது மாறியதா என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்தப் பாகம் தேவை என்று ஊகித்து எடுத்துக்கொண்டே வருவோம். வணக்கம்.