நாடகம் முடிந்ததும் செட் எங்கே போகிறது?

[காட்சி: காலியான அரங்கம். ஆட்கள் செட்டைப் பிரிக்கிறார்கள்.]

வணக்கம். பல வாரம் பாடுபட்டுக் கட்டிய செட்டை, கடைசி நாள் ராத்திரியே பிரித்துவிடுவார்கள். மேடை அடுத்த குழுவுக்கு வேண்டுமே. ப்ளைவுட் மேல் துணியை ஒட்டி, பெயின்ட் அடித்து, தெர்மாகோலில் செதுக்கிய தூணையும் சேர்த்து ஒட்டியிருந்தால் எதையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. நல்ல பலகைகூடக் குப்பை வண்டியில்தான் ஏறும்.

அந்த ராத்திரியில் யாராலும் இதைச் சரிசெய்ய முடியாது. பசை போடுவதா, ஸ்க்ரூ போடுவதா என்பது வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

[காட்சி: செடிகள் வளரும் மேடை]

ஆஸ்திரேலிய அரங்க வடிவமைப்பாளர் டான்யா பீர், 2013-இல் விக்டோரியா மாநிலத்தின் காசில்மெய்ன் என்ற ஊரில் நடந்த கலைவிழாவுக்கு 'லிவிங் ஸ்டேஜ்' என்ற மேடையை அமைத்தார். பாதி அரங்கம், பாதி காய்கறித் தோட்டம். உள்ளூர் மக்களும் சேர்ந்து உருவாக்கியது. நிகழ்ச்சிகள் முடிந்ததும் மேடையின் கட்டமைப்பு தோட்டப் பாத்தியாக மாறியது. செடிகள் உணவாயின. மிச்சம் மீதி உரமாயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வடிவமைப்பாளர் விட்டுக்கொடுத்த விஷயம்தான். பெயின்ட் நாம் சொன்ன நிறத்தில் இருக்கும். கீரை அப்படி இருக்காது. வெயில், மழை, பூச்சி எல்லாவற்றுக்கும் அந்த மேடையின் தோற்றத்தில் பங்கு உண்டு. முதல் காட்சியன்று மேடை எப்படி இருக்கும் என்று முழுசாகச் சொல்ல முடியாது. 'நான் வரைந்தது அப்படியே வர வேண்டும்' என்று பழகிய கைக்கு இது லேசான காரியமில்லை. சூழல் சார்ந்த வடிவமைப்பில் பொருளை மாற்றுவதைவிட இந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம் என்று நினைக்கிறேன்.

சரி, எல்லா நாடகத்துக்கும் தோட்டம் போட முடியாது. பிரிட்டனில் 2021-இல் வெளிவந்த 'தியேட்டர் கிரீன் புக்' வழிகாட்டி அடிப்படை அளவு ஒன்றை வைக்கிறது: செட்டில் பாதிப் பொருள் ஏற்கெனவே பயன்பட்டதாக இருக்கட்டும், 65 சதவீதம் பிறகும் பயன்படட்டும்.

இது கற்பனைக்குப் பூட்டு என்று சிலர் சொல்கிறார்கள். மேடையின் அகலமும் கையில் இருக்கும் பணமும் என்றைக்கும் எல்லை போட்டுத்தான் வந்திருக்கின்றன. அதற்குள்தானே அற்புதமான செட்டுகள் எல்லாம் பிறந்தன?

[காட்சி: வெள்ளை அட்டையில் செய்த சிறிய மேடை மாதிரி]

தொடங்க நல்ல இடம் அட்டையில் செய்த இந்த மாதிரி மேடைதான். ஒரு ரூபாயும் செலவாகாத கட்டம் இது. வரைவதற்கு முன்பே பழைய செட் பொருட்கள் இருக்கும் கிடங்குக்குப் போய் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எங்கிருந்து வருகிறது, எங்கே போகப்போகிறது என்று எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த ஒரு பாகத்தை மட்டும் திரும்ப வரையுங்கள்.