நெமோவின் நாடு எது?

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் ஒரு விடியற்காலை. முத்துக்குளிப்புப் பருவம் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் முந்திக்கொண்டு தன்னந்தனியாகப் படகில் வந்துவிட்ட ஓர் ஏழை, கூம்பு வடிவக் கல்லொன்றைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறார், கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் திணிக்கிறார், மூச்சு முட்டுவதற்குள் மேலேறுகிறார், மறுபடியும் இறங்குகிறார். கடலடியில் பாறை மறைவிலிருந்து நான்கு பேர் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. திடீரென்று ஒரு சுறா பாய்கிறது. நால்வரில் ஒருவர் வெறும் குத்துவாளோடு அதன்மேல் விழுகிறார். அவருடைய உயிரும் போகவிருந்த நேரத்தில் இன்னொருவரின் ஈட்டி சுறாவின் நெஞ்சில் பாய்கிறது. மயங்கிக் கிடந்தவரைப் படகில் ஏற்றி, கண் விழித்ததும் நடுங்கும் அவர் கையில் ஒரு பை நிறைய முத்துகளை வைத்துவிட்டு, அந்த நால்வரும் மீண்டும் கடலுக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

குத்துவாளோடு பாய்ந்தவர் கேப்டன் நெமோ. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869 மார்ச்சிலிருந்து 1870 ஜூன்வரை தொடராக எழுதிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ என்ற நாவலின் நாயகர். நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் உலகக் கடல்களையெல்லாம் துருவியவர். இருபதாயிரம் லீக் என்பது ஆழம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது பயணம் செய்த தொலைவு, ஏறத்தாழ எண்பதாயிரம் கிலோமீட்டர். அவ்வளவு ஆழம் வேண்டுமென்றால் பூமியைத் துளைத்து மறுபக்கம் வெளியேறி, அதற்கப்பாலும் வெகுதூரம் போகவேண்டும்.

நான் இன்று பேச வந்தது இந்த நெமோவைப் பற்றி அவருடைய வாசகர்கள் ஒன்றரை நூற்றாண்டாகக் கட்டிவரும் ஊகங்களைப் பற்றி. அவர் யார், எந்த நாட்டவர், யாருக்கு என்ன ஆயிற்று என்று கடலுக்குள் போனார், கதை முடிந்தபின் என்ன ஆனார் என்பவை அந்த ஊகங்களின் பொருள். ரசிகர்களின் ஊகங்கள் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நெமோவைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. ஏனென்றால், அவரைப் பற்றி முதன்முதலில் ஊகித்து, ஊகத்தை மாற்றி, மாற்றியதையும் ஒழுங்காகப் பொருத்த முடியாமல் விட்டவர் ஜூல்ஸ் வெர்னேதான்.

முதல் நாவலில் நெமோவின் முன்கதை எங்கும் சொல்லப்படுவதில்லை. நெமோ என்பது பெயரே அன்று; லத்தீனில் ‘யாருமில்லை’ என்று பொருள். ஒற்றைக்கண் அரக்கனிடம் ஒடிஸியஸ் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லித் தப்பித்த பழைய கிரேக்கக் கதையின் எதிரொலி அது. கப்பலுக்குள் சிறைப்பட்ட, கதையை நமக்குச் சொல்லும் பிரெஞ்சுப் பேராசிரியர் அரோனாக்ஸும் அவருடைய தோழர்களும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன் என்று நான்கு மொழிகளில் தங்கள் கதையைச் சொல்லிப் பார்க்கிறார்கள். எல்லாம் புரிந்தும் நெமோ வாய் திறக்காமல் போய்விடுகிறார். மாலுமிகள் தங்களுக்குள் பேசுவதோ யாருக்கும் விளங்காத ஒரு மொழி. வயதாவது தெரிகிறதா என்றால், முப்பத்தைந்தும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம் என்கிறார் பேராசிரியர்.

இப்படி எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, ஜன்னல்களை மட்டும் வெர்ன் திறந்து வைத்திருக்கிறார். ஒருநாள் நெமோவின் அறைக் கதவு சற்றே திறந்திருக்கிறது. சுவரில் சில உருவப்படங்கள். போலந்தின் கொஸ்யூஸ்கோ, கிரேக்கத்தின் போட்ஸாரிஸ், அயர்லாந்தின் ஓ’கானெல், அமெரிக்காவின் வாஷிங்டன், இத்தாலியின் மனின், லிங்கன், கடைசியாக, தூக்கில் தொங்கும் ஜான் பிரவுன். அத்தனை பேரும் ஏதோ ஒரு விடுதலைப் போரின் முகங்கள். துருக்கியின் ஆட்சியை எதிர்த்துக் கிரீட் தீவு கிளர்ந்தெழுந்திருந்த காலத்தில், கிரேக்கக் கடலில் நாட்டிலஸிலிருந்து ஒரு பெட்டி நிறையத் தங்கக்கட்டிகள் வெளியே போகின்றன. இறுதிக்குச் சற்று முன்னால், ஒரு போர்க்கப்பலை மாலுமிகளோடு மூழ்கடித்துவிட்டு வந்த நெமோ, ஓர் இளம்பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படத்தின் முன் மண்டியிட்டு அழுகிறார். அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கப்பல் என்று கடைசிவரை சொல்லப்படவில்லை.

படங்களின் வரிசையில் போலந்துக்காரர் முதலில் நிற்பதைக் கவனித்த வாசகர்கள், நெமோவும் ஒரு போலந்துக்காரர்தான் என்று ஊகித்தார்கள். ஊகம் சரியானதே. வெர்னுக்கும் அவருடைய பதிப்பாளர் ஹெட்ஸலுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து பிற்காலத்தில் வெளிவந்தபோது உண்மை தெரிந்தது. 1863இல் ரஷ்யப் பேரரசை எதிர்த்து எழுந்த போலந்துக் கிளர்ச்சி நசுக்கப்பட்டதில் மனைவி மக்களை இழந்த ஒரு பிரபுவாகத்தான் வெர்ன் நெமோவை முதலில் நினைத்திருந்தார். மூழ்கும் கப்பல் ரஷ்யக் கப்பல். ரஷ்யாவில் புத்தகம் விலைபோகாமல் போய்விடுமே என்பது ஹெட்ஸலின் கவலை. அடிமை வியாபாரிகளின் கப்பலாக மாற்றிவிடலாமே என்று அவர் கேட்டுப் பார்த்தார். வெர்ன் இசையவில்லை, ரஷ்யக் கப்பல் கூடாதென்றால் எந்தக் கொடியும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். இலக்கிய உலகின் மிகப் புகழ்பெற்ற மர்மங்களில் ஒன்று இப்படி ஒரு பதிப்பாளரின் விற்பனைக் கவலையில் பிறந்ததை எண்ணினால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, நன்றியும் வருகிறது.

சில ஆண்டுகள் கழித்து, 1874, 1875இல் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் வெர்னே விடையைச் சொன்னார். நெமோ இந்தியாவின் பந்தேல்கண்ட் ராஜாவின் மகன்; இளவரசர் டக்கார்; திப்பு சுல்தானின் உறவினர், அதாவது சகோதரர் அல்லது சகோதரி வழிப் பிள்ளை. பத்து வயதில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, முப்பது வயதுவரை அங்கே கல்வியும் கலையும் கற்று, 1849இல் நாடு திரும்பி, 1857 எழுச்சியில் முன்னணியில் நின்று போரிட்டு, குடும்பத்தைப் பறிகொடுத்து, மிஞ்சிய தோழர்களோடு பசிபிக்கின் ஆளற்ற தீவொன்றில் நாட்டிலஸைக் கட்டியவர்.

அதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கணக்கு உதைக்கிறது.

அரோனாக்ஸ் நாட்டிலஸில் இருந்தது 1867 நவம்பரிலிருந்து 1868 ஜூன்வரை. மர்மத் தீவில் நெமோ இறப்பதோ அதே 1868 அக்டோபரில். ஆனால் அந்தப் பிரெஞ்சுக்காரர் தம் கப்பலுக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அப்போது பேசப்படுகிறது. அந்தத் தீவில் சிக்கி, கடைசியில் நெமோவைச் சந்திக்கும் அமெரிக்கர்கள் தங்கள் நாட்டின் ரிச்மண்ட் நகரிலிருந்து பலூனில் கிளம்பியது 1865 மார்ச்சில். எனினும், அதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படும் பயணத்தைப் பற்றிய புத்தகம் அவர்களுடைய தலைவருக்குத் தெரிந்திருக்கிறது. 1849இல் முப்பது வயது என்று வைத்துக்கொண்டால் 1868இல் நாற்பத்தொன்பதுதான் ஆகவேண்டும். கடைசித் தோழரும் இறந்து தனியாளானபோதே நெமோவுக்கு அறுபது வயது என்கிறது நாவல். தேதிகள் ஒத்துவரவில்லை என்று ஒப்புக்கொண்டு பதிப்பிலேயே ஓர் அடிக்குறிப்பு போட வேண்டியதாயிற்று. போர்க்கப்பலை ஏன் மூழ்கடித்தீர்கள் என்ற கேள்விக்குக் கிழவர் நெமோ சொல்லும் பதில் இன்னும் விசித்திரம்: ஆழமில்லாத குறுகிய வளைகுடாவில் வழி மறித்தது, கடந்துபோக வேண்டியிருந்தது என்கிறார். முதல் நாவலில் அது நடந்தது விரிந்த அட்லாண்டிக்கின் நடுவே. அங்கே வழி மறிக்க என்ன இருக்கிறது?

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? நெமோக்கள் இருவர் என்று ஒரு சாரார். நெமோ என்பது ஆளின் பெயர் அன்று, பதவியின் பெயர். ஒருவருக்குப் பின் ஒருவர் அந்தப் பெயரையும் கப்பலையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது அவர்கள் கட்சி. ‘யாருமில்லை’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் சூடிக்கொள்ளலாம் அல்லவா? கெட்டிக்காரத்தனமான ஊகம்தான். ஆனால் அரோனாக்ஸைக் கிழவர் தம் சொந்த நினைவிலிருந்து பேசுகிறார், எனவே என்னால் ஏற்க முடியவில்லை. அரோனாக்ஸ் தம் நூலில் தேதிகளை வேண்டுமென்றே மாற்றினார் என்பது இன்னொரு கட்சி. தம்மை விருந்தினராக நடத்தியவரைத் துரத்துபவர்களிடமிருந்து காக்க அவர் செய்த தந்திரமாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பேராசிரியரின் குணத்துக்கும் பொருந்துகிறது. 1857க்குப் பின் நேபாளப் பக்கம் மறைந்துபோன நானா சாகிப்தான் நெமோ என்பது நிற்காது. 1880இல் வெர்ன் எழுதிய வேறொரு நாவலில் நானா சாகிப் தனிப் பாத்திரமாகவே வந்துவிடுகிறார். திப்பு உறவு இருக்கிறதே, அது பெரிய சிக்கல். திப்பு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மடிந்தவர். டக்கார் பிறந்தது அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின். பந்தேல்கண்டின் அரச குடும்பம் மைசூர் சுல்தானோடு எப்படிச் சம்பந்தம் செய்தது என்பதற்கும் நாவலில் விளக்கம் இல்லை. வெர்னுக்கு வேண்டியது வெள்ளையருக்குப் பணியாத ஓர் இரத்தம். வரலாற்றில் கைக்கு எட்டிய பெரிய பெயரை எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆதாரமாக அன்று, ஆசையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலஸில் ஒரு பெரிய ஆர்கன் இருக்கிறது. நெமோ வாசிக்கும்போது அவருடைய விரல்கள் கறுப்புக் கட்டைகளை மட்டுமே தொடுகின்றன, அதனால் இசைக்கு ஸ்காட்லாந்துச் சாயல் வந்துவிடுகிறது என்று எழுதுகிறார் அரோனாக்ஸ். ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திப் பாருங்கள். சரியான கட்டையில் ஆதார சட்ஜத்தை வைத்தால் வருவது மோகனம். சட்ஜத்தை நகர்த்தினால் மத்யமாவதி, இந்தோளம். பிரெஞ்சுப் பேராசிரியரின் காதில் ஸ்காட்லாந்தாக விழுந்தது நம் காதில் வேறாக விழுகிறது. வெர்ன் அதை நினைத்து எழுதியிருக்க முடியாதுதான். அப்போது அவர் மனத்தில் இருந்தவர் போலந்துக்காரர் அல்லவா?

அதனால்தான் மன்னார்க் காட்சிக்குத் திரும்ப விரும்புகிறேன். பள்ளிப் பருவத்தில் எனக்குக் கிடைத்த தமிழ்ச் சுருக்கப் பதிப்பில் சுறா இருந்தது, முத்துப் பை இருந்தது, காட்சியின் கடைசி வாக்கியம் மட்டும் விடுபட்டிருந்தது. முழு நூலைப் படிக்க நேர்ந்தபோதுதான் அதைக் கண்டேன். மனித குலத்தை வெறுத்தவர் ஒரு மனிதனுக்காக உயிரைப் பணயம் வைத்தது ஏன் என்று பேராசிரியர் வியக்கிறார். சற்றே கலங்கிய குரலில் நெமோ சொல்கிறார்: “பேராசிரியரே, அந்த இந்தியர் ஒடுக்கப்பட்டோரின் நாட்டில் வாழ்பவர். நானும் இன்றுவரை அந்த நாட்டவனே. கடைசி மூச்சுவரை அந்த நாட்டவனாகவே இருப்பேன்.”

டக்காரை வெர்ன் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாக்கியம் இது. இதைப் படிக்கும் இந்திய வாசகர், இதோ சான்று, இவர் நம்மவர் என்று துள்ளுவது இயல்பு, நானும் துள்ளியிருக்கிறேன். ஆனால் உற்றுப் பார்த்தால், நெமோ ‘என் நாட்டவர்’ என்று சொல்லவில்லை. வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டைச் சொல்கிறார். அதில் போலந்தும் இருக்கிறது, கிரீட்டும் இருக்கிறது, மன்னார்க் கரையும் இருக்கிறது. பதிப்பாளருக்காகப் பெயரை அழித்த இடத்தில் வெர்னின் பேனா அவரையும் மீறி ஒரு குடியுரிமையை எழுதிவிட்டது. டக்கார் கதையை நான் மறுக்கவில்லை. நெமோவைப் பற்றிய நல்ல ஊகங்களில் அதுவும் ஒன்று, ஆசிரியரே செய்தது என்பதால் சற்றுக் கூடுதல் மரியாதைக்குரியது என்று மட்டும் சொல்வேன்.

இனி, அடுத்து என்ன என்ற ஊகங்கள். மர்மத் தீவின் அடியில் உள்ள குகையில் நெமோ உயிர்விடுகிறார். அச்சான நூலில் அவருடைய கடைசிச் சொற்கள் ‘கடவுளும் தாயகமும்’ என்பவை; வெர்னின் கையெழுத்துப் படியில் இருந்தது ‘விடுதலை’ என்ற ஒரே சொல். அதிலும் ஹெட்ஸலின் கை பட்டிருக்கிறது. பிறகு தீவுவாசிகள் அவர் விருப்பப்படி நீர்த்தொட்டிகளைத் திறந்துவிட, விளக்குகள் எரிந்தபடியே நாட்டிலஸ் நீருக்குள் இறங்கி மறைகிறது. 1869 மார்ச்சில் எரிமலை வெடித்துத் தீவே சிதறுகிறது. அவர் இறக்கவில்லை, உள்ளிருந்து கப்பலை மீட்டுக்கொண்டு போய்விட்டார் என்று தொடர்கதை கட்டுபவர்கள் ஏராளம். அவர்கள்பால் எனக்கு அனுதாபம் உண்டு; நம்பிக்கை இல்லை.

அவர்கள் தேடவேண்டிய இடம் வேறு. முதல் நாவலின் பிற்பகுதியில் நெமோ அரோனாக்ஸிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் காட்டுகிறார். பல மொழிகளில் எழுதப்பட்டது. கடலைப் பற்றிய தம் ஆய்வுகளோடு தம் வாழ்க்கை வரலாறும் சேர்ந்தது. தம் உண்மைப் பெயரில் கையொப்பமிடப்படுவது. அதை மூழ்காத ஒரு சிறு பெட்டியில் அடைத்து, நாட்டிலஸில் கடைசியாக உயிரோடிருப்பவர் கடலில் எறிவார், அலை கொண்டுபோன இடத்துக்கு அது போகட்டும் என்கிறார். மர்மத் தீவில் கடைசியாக உயிரோடிருப்பவர் நெமோவேதான். வைரங்களும் முத்துகளும் நிறைந்த பேழையைத் தீவுவாசிகளிடம் ஒப்படைக்கிறார். கப்பலையே தம் சவப்பெட்டியாக்கச் சொல்கிறார். அந்தச் சிறு பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நோயில் விழுவதற்கு முன்பே ஏதோ ஓர் இரவில் தம் கையாலேயே எறிந்துவிட்டாரா, கப்பலோடு சேர்ந்து அதுவும் போயிற்றா? நான் எறிந்தார் என்ற கட்சி. மாலுமிகள் பேசிய, எவருக்கும் விளங்காத அந்த மொழியும் பிரதியின் பல மொழிகளில் ஒன்றாக இருக்கும் என்பதும், அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர் அதைத் தடையின்றிப் படித்துவிடுவார் என்பதும் என் ஊகம்.

வணக்கம்.