தண்ணீர் கேட்டவன்

வணக்கம் நேயர்களே.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எத்தனை மைல், எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அது கணக்குப் பேச்சாக இருந்ததே இல்லை. ஒரே அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன ஒரே ஜப்பான்காரனைப் பற்றித் தாத்தா ஒன்று சொல்வார், பாட்டி இன்னொன்று சொல்வார். இரண்டையும் கேட்டு வளர்ந்தவள் நான். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தாத்தா மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். 1943 தொடக்கத்தில் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வந்தது. இத்தனை லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, இத்தனை ஆம்பிளை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், சாப்பாடு இலவசம் என்று சொன்னார்கள். அரிசியே கண்ணில் படாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலம் அது. தாத்தாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாட்டியின் தம்பிக்குப் பதினாறு வயது. "மச்சான் போறாரு, நானும் போறேன்" என்று அவனும் லாரியில் ஏறிவிட்டான்.

கூட்ஸ் வண்டியில் அடைத்து பான்போங் வரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்ப முடியாமல் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் மறித்தன. அதனால் சயாமின் பான்போங்கில் தொடங்கி பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடத் துணிந்தார்கள். மலையைக் குடைந்து, மூங்கில் காட்டை வெட்டி, 1943 அக்டோபருக்குள் முடித்தும்விட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல மூன்று மடங்கு. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர். அவர்களில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு கிடையாது. தொண்ணூறாயிரம் வரை சொல்கிறார்கள்.

மே, ஜூன் மழையில் காலரா வந்தது. போர்க்கைதிகளுடன் அவர்களுடைய டாக்டர்களும் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்க வை, கக்கூஸை மூடு என்று சொல்வதற்கு ஆள் இருந்தது. நம் ஆட்கள் இருந்த முகாம்களில் பெரும்பாலும் அதைச் சொல்லவும் ஆள் கிடையாது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் ராத்திரி பேசிக்கொண்டே படுத்தவன் காலையில் விறைத்துக் கிடப்பான்.

தாத்தாவின் முகாமில் ஒரு காவலன் இருந்தான். எப்போதும் கையில் பச்சை மூங்கில் வைத்திருப்பானாம். நம் ஆட்கள் அவனுக்கு 'மூங்கிலான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாதவனைத் தேடித் தேடி அடிப்பான். தாத்தாவின் இடது தோள்பட்டை கடைசிவரை சரியாக ஏறவில்லை; சட்டை போடும்போது பாட்டிதான் கையைப் பிடித்து உள்ளே விடுவார்.

அந்த மூங்கிலானுக்கும் காலரா வந்தது. அவன் கூட்டத்தாரே பயந்துபோய் அவனைத் தனிக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். தாத்தாவுக்கு அப்போது நோயாளிகளுக்குக் கொதித்த தண்ணீர் சுமக்கும் வேலை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் தூக்கிக்கொண்டு அந்தக் கொட்டகையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்திருக்கிறது. "மிசு... மிசு..." ஜப்பானியத்தில் தண்ணீர்.

தாத்தா நிற்கவில்லை. மறுநாள் காலையில் அவன் செத்துக் கிடந்தான்.

எனக்குப் பதினைந்து, பதினாறு வயதில் தாத்தா இதைச் சொன்னார். "ஏன் தாத்தா கொடுக்கலை?" என்று கேட்டேன். "கொடுத்திருந்தா நம்ம ஆளு ஒருத்தனுக்குக் குறைஞ்சிருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் சுருட்டை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அது பொய். தகரம் நிறையத் தண்ணி இருந்துச்சு" என்றார்.

அவன் செத்தது சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். அந்த வயதில்தான் அப்படியெல்லாம் கேட்க முடியும்.

"இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி கஞ்சி ருசியா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறமும் இருந்துச்சு. கூடவே அந்தச் சத்தமும் இருக்கு."

அடுப்பங்கரையிலிருந்து பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். "அவனுக்குத் தண்ணி ஒரு கேடா? என் தம்பி கேட்டப்ப எவன் கொடுத்தான்?" தாத்தா பதில் பேசவில்லை. மச்சானை வேறு முகாமுக்குப் பிரித்துக்கொண்டு போனவரைக்கும்தான் அவருக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை.

நேயர்களே, போர் முடிந்தபின் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் போர்க்குற்ற விசாரணை நடத்தினார்கள். இந்த ரயில்பாதைக் கொடுமைகளுக்காகப் பலர் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தச் சேதி வந்த அன்றைக்குத் தோட்டத்தில் சிலர் கள்ளுக்கடையில் கொண்டாடினார்களாம். பாட்டி, "தொங்கட்டும்" என்றாராம். சாகும்வரை அந்தச் சொல்லிலிருந்து அவர் இறங்கவில்லை. அவரைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும்.

ஆனால் தூக்குமேடை ஏறியவர்கள் யார் யார் என்று நான் பிற்காலத்தில் படிக்கத் தொடங்கியபோது மனம் கலங்கியது. போர்க்கைதி முகாம்களில் காவல் காத்தவர்களில் ஏராளமானோர் கொரியர்கள். 1910 முதல் ஜப்பானின் பிடியில் இருந்த நாடு கொரியா. அந்த இளைஞர்களுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டி, அடி உதையோடு பயிற்சி கொடுத்து, துப்பாக்கியைக் கையில் திணித்து அனுப்பினார்கள். ஜப்பானியப் படையில் கடைசிப் படியில் நின்றவர்கள் அவர்கள். மேலே இருந்தவன் அவர்களை அறைந்தான். அவர்கள் கைதிகளை அறைந்தார்கள். 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகளாகத் தண்டனை பெற்றார்கள். 23 பேர் கொல்லப்பட்டார்கள்.

லீ ஹாக்-ரே என்று ஒருவர். பதினேழு வயதில் காவலர் வேலைக்கு வந்தவர். இந்த ரயில்பாதையில் இருந்த ஹின்டோக் முகாமில், நோயாளிகளையும் வேலைக்கு அனுப்பச் சொல்லி நெருக்கியவர்களில் ஒருவர். அங்கே அந்த நோயாளிகளுக்காக வாதாடியவர் எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவைச் சிகிச்சை டாக்டர். 1947-இல் லீக்கு மரண தண்டனை. சாங்கியில் மாதக்கணக்கில் தூக்குக்குக் காத்திருந்தார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக நடந்துபோவதைப் பார்த்தார். பிறகு தண்டனை இருபது வருஷமாகக் குறைந்தது. 1991-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், டன்லப்பை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். ஒரு பாக்கெட் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார். 2021-இல் இறந்தார். அவரும் 1947-இலேயே தொங்கியிருந்தால், எங்கள் பாட்டி "தொங்கட்டும்" என்ற கணக்கில் அவரும் ஒருவர்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் மூங்கிலான் ஜப்பானியனா, கொரியனா? தாத்தாவுக்கும் தெரியாது. "எங்களுக்கு எல்லாரும் ஜப்பான்காரன்தான்" என்றுதான் சொல்லியிருந்தார். கொரியனாக இருந்தாலும் அந்தத் தோள்பட்டையை உடைத்தது அவன் கைதான். தனக்கு அடி விழுந்ததைச் சொல்லி அடுத்தவனை அடித்ததைக் கழித்துவிட முடியாது. அவன் ஊரும் வயதும் தெரிந்திருந்தால் தாத்தா நின்றிருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு. நின்றிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, நரகாசுரன் செத்ததற்கு மத்தாப்புக் கொளுத்துகிறோம். அந்தக் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. என் சாவை ஊரார் கொண்டாடட்டும் என்று அவனே கேட்டதாகச் சொல்வார்கள். அவனைப் பெற்ற பூமாதேவி கேட்டதாகவும் சொல்வார்கள். எப்படியும், சந்தோஷப்பட அனுமதி செத்தவன் பக்கமிருந்தே வந்துவிட்டது. நமக்கு மனம் உறுத்துவதில்லை. மூங்கிலானின் அம்மா யாரிடமும் அப்படி வரம் கேட்கவில்லை. அவள் எந்தக் கிராமத்திலோ மகன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள், பாட்டியின் அம்மா இருந்ததைப் போலவே. இப்படி எழுதும்போதே பாட்டிக்குத் துரோகம் செய்கிறேனோ என்று கை நிற்கிறது.

அணுகுண்டு விஷயத்திலும் தாத்தா அப்படித்தான். பாதை முடிந்தபிறகும் பழுது பார்க்க அவரைப்போன்றவர்களை அங்கேயே வைத்திருந்தார்கள். நேச நாட்டு விமானங்கள் ரயில் பாலத்தில் போட்ட குண்டுகளில் நம் ஆட்களும் செத்தார்கள். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. அடுத்த வாரமே ஜப்பான் சரண். "அந்தக் குண்டு விழலேன்னா நீங்க யாரும் இல்லே" என்று எங்களைக் காட்டிச் சொல்வார். ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் தொலைக்காட்சியில் ஹிரோஷிமாப் பிள்ளைகளின் படம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒருமுறை, "நீங்கதானே நல்லதுன்னு சொன்னீங்க" என்று என் அண்ணன் கேட்டுவிட்டான். "நான் பொழைச்சேன்னு சொன்னேன். நல்லதுன்னு சொல்லலை" என்றார்.

எதிரியை மன்னித்துவிட வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நம் ஆட்களின் சாவுக்கு நீதிகூடக் கிடைக்கவில்லையே. சாங்கி வழக்குகளில் பெரும்பாலும் பேசப்பட்டது வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் சாவு. அவர்களுக்குப் பட்டியல் இருந்தது, சாட்சி சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துத் தமிழனுக்குப் பெயர்ப்பதிவே சரியாக இல்லை. மூங்கிலானைத் தூக்கில் போட்டிருந்தால்கூட, பாட்டியின் தம்பிக்காகப் போட்டிருக்க மாட்டார்கள்.

1996-இல் நான் அந்த ரயில்பாதை போகும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்குப் போனேன். தாத்தா அப்போது இல்லை. ஊருக்கு நடுவில் போர்க்கல்லறை. புல் வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் அருகில் பூச்செடி வைத்து, ஏறத்தாழ ஏழாயிரம் பேர். பெயர், படைப்பிரிவு, வயது. சில கற்களில் வீட்டார் எழுதிய ஒரு வரி. பிள்ளைகள் பாவம், இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. வரிசை வரிசையாக நடந்து படித்தேன். ஒரு தமிழ்ப் பெயர்கூட என் கண்ணில் படவில்லை. கையில் வைத்திருந்த சாமந்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரில் விட்டேன். விடும்போது பாட்டியின் தம்பியை நினைத்தேன். மூங்கிலானும் நினைவுக்கு வந்தான். வரக்கூடாது என்று நினைத்தும் வந்தான்.

ஊருக்குத் திரும்பியதும் பாட்டியைப் பார்க்கப் போனேன். பாலத்தைப் பற்றிச் சொன்னேன், ரயில் இன்னும் ஓடுகிறது என்று சொன்னேன், சாங்கியில் தொங்கியவர்களில் கொரியப் பையன்களும் உண்டு என்று மெல்லச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

பிறகு நிமிர்ந்து பார்த்து, "அதெல்லாம் சரி கண்ணு, என் தம்பிய எங்க வச்சிருக்காங்க?" என்றார்.

கல்லறையில் எடுத்த படங்கள் என் கைப்பையில் இருந்தன. நான் அவற்றை வெளியே எடுக்கவில்லை.

வணக்கம்.