எட்வர்டு என்ற பெயர்

நேயர்களுக்கு வணக்கம். எட்வர்டு என்ற பெயரைப் பிரித்தால் இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள் கிடைக்கும். முன்பாதிக்குச் செல்வம், நற்பேறு என்று பொருள், பின்பாதிக்குக் காவலன்.

உடனே 'செல்வத்தைக் காப்பவன்' என்று சேர்த்துவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம். அக்காலத்தில் பொருள் பொருந்துகிறதா என்று பார்த்துப் பாதிகளைச் சேர்க்கவில்லை. நாம் தாத்தா பெயரை முழுசாக வைப்போம். அவர்கள் பாதியை எடுத்துக்கொள்வார்கள். ஆல்ஃபிரட் மன்னரின் மகன் எட்வர்டு. அவர் பிள்ளைகளில் ஒருவர் எட்மண்ட். எட்மண்டின் மகன் எட்கர். எட்கரின் மகன் மறுபடி எட்வர்டு! அந்த 'எட்' குடும்ப அடையாளம், அவ்வளவுதான்.

1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று வந்தவர்களின் பெயர்களே ஊரெங்கும் பரவின. பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. எட்வர்டு எப்படித் தப்பியது? 1066-இல் மறைந்த மன்னர் எட்வர்டை 1161-இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. பின்னாளில் ஆண்ட மன்னர் மூன்றாம் ஹென்றி அந்தப் புனிதரிடம் பெரும் பக்தி கொண்டவர். 1239-இல் பிறந்த மகனுக்கு அவர் பெயரையே வைத்தார். 1272 முதல் 1377 வரை, நூற்றைந்து ஆண்டுகள், தொடர்ந்து மூன்று எட்வர்டுகள் அரியணையில். கவனியுங்கள், நார்மானியருக்கு முன்பே மூன்று எட்வர்டுகள் ஆண்டிருந்தும் 'முதலாம் எட்வர்டு' என்பவர் இந்த 1272-க்காரர்தான்.

இனி, செல்லப்பெயர் 'நெட்'. எட்வர்டில் இல்லாத 'ந்' எங்கிருந்து வந்தது? 'என் எட்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'என்னெட்' என்று வரும். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ஆங்கிலத்தில் இரட்டவில்லை, இடம் மாறியது. உயிரெழுத்துக்கு முன்னால் அன்று 'மை' என்று சொல்ல மாட்டார்கள், 'மைன்' என்பார்கள். மைன் எட், மைனெட். கேட்டவர்கள் காதில் 'மை நெட்' என்று பிரிந்தது. எல்லன் 'நெல்' ஆனதும் இப்படித்தான், ஆன் என்ற பெண்பெயர் 'நான்' (Nan) ஆனதும் இப்படித்தான்.

நேரம் நெருங்குகிறது. போர்த்துகீசிய 'துவார்த்தே'யும் எட்வர்டுதான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எட்வர்டையும் 'டெடி' என்று அழைப்பதுண்டு. ஆனால் டெடி கரடிப் பொம்மை, தியடோர் ரூஸ்வெல்ட்டின் பெயரில் வந்தது. தியடோர் கிரேக்கப் பெயர். வணக்கம்.