பரணில் இருக்கிற கேசட்டை இறக்குங்கள்

கடலோர நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் பாம்பன்காரன். வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய வீடியோ கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றுகிற வேலையை நாலு வருஷமாகச் செய்கிறேன். தொழிலாக இல்லை, சொந்தக்காரர்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும்தான். அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1992-ல் தங்கச்சிமடத்தில் அக்கா கல்யாணம். அந்தக் காலத்துக் கல்யாண கேசட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், வீடியோக்காரர் எடிட் செய்யும்போது மாலை மாற்றுவதற்கு ஒரு சினிமாப் பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு என்று முழுக்க நிரப்பிவிடுவார், மனுஷர் பேசியது ஒரு வார்த்தைகூட மிஞ்சாது. ஆனால் எங்கள் மாமா எடிட் செய்யாத மூலக் கேசட்டையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் அப்பா பந்தியில் நின்று "கடைசி இலைக்குச் சோறு வரல, பாருங்கப்பா" என்று சத்தம் போடுகிறார், பின்னால் மீட்டர்கேஜ் ரயில் ஊதிக்கொண்டு போகிறது. அப்பா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ரயிலும் 2007-ல் அகலப்பாதை வந்ததோடு போய்விட்டது. அப்பா குரல் வேறு எங்கேயும் இல்லை, அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது.

இதை முதலில் ஒரு கடையில்தான் கொடுத்தேன். முக்கால் மணி நேரமாக வெட்டி, புதுப் பாட்டுப் போட்டு, பூ விழுகிற மாதிரி அலங்காரம் எல்லாம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா சத்தம் போட்ட இடம் அதில் இல்லை. அன்றைக்குத்தான் இதை நாமே செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதனால் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வெட்டாதீர்கள். கேமராக்காரர் மறந்து ஓடவிட்ட தரை, வாசலில் நிற்கிற ஆட்கள், எல்லாவற்றையும் அப்படியே முழுசாக ஏற்றுங்கள்.

சரி, என்னென்ன வேண்டும்? ஓடுகிற டெக் ஒன்று, அதாவது வீடியோ கேசட்டைப் போட்டு ஓட்டுகிற பெட்டி. கேசட்டைவிட இதுதான் இப்போது அரிது. கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016-ல் நிறுத்திவிட்டது, இனி பழையதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சஃபர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய் வந்தவர்கள் வீட்டில் நல்ல டெக் இன்னும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அப்புறம் யூஎஸ்பியில் செருகுகிற கேப்சர் கருவி, டெக்கிலிருந்து வருகிற படத்தையும் சத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள் வாங்குவது இதுதான். டெக்கின் பின்னால் வயர் செருகுகிற துளைகளில் மஞ்சள் நிறத்தது படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. சாஃப்ட்வேரில் பால் (PAL) என்கிற டிவி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நம் நாட்டில் அதுதான். பல கருவிகள் அமெரிக்க முறையில் இருக்கும், அதை மாற்றாமல் ஓட்டினால் படம் உருண்டுகொண்டே இருக்கும், நிறமும் வராது.

இதற்கெல்லாம் முன்னால் கேசட்டைப் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் நாடாவுக்கு எமன். கேசட்டில் கண்ணாடி மாதிரி ஒரு சன்னல் இருக்கும், அதன் வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரிகிறதா? அது பூஞ்சை. அதை டெக்கில் போடவே போடாதீர்கள், டெக்குக்குள் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். தனிப் பையில் கட்டி, ஈரமில்லாத நிழலில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது. நல்ல கேசட் என்றாலும் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு கடைசிவரை ஒரு தடவை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருஷக் கணக்கில் சுற்றி இருந்த நாடா அப்போதுதான் இளகும்.

படத்தில் கோடு கோடாக வந்தால் டெக்கில் படத்தைச் சரிசெய்கிற டிராக்கிங்கைத் திருகிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். காதுக்குப் போடுகிற பஞ்சுக் குச்சி கூடாது, பஞ்சு இழை ஹெட்டில் மாட்டி அதை உடைத்துவிடும். வெள்ளைத் தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு ஹெட் பொருந்தியிருக்கிற உருளையை மட்டும் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் போய்விடும்.

மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம்தான், குறுக்கு வழி கிடையாது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்க்காதீர்கள், ஃபிரேம் விட்டுப்போய் உதடு ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாக ஆகும். லேப்டாப்பாக இருந்தால் நல்லது, கரண்ட் போனால் டெக் நின்றாலும் அதுவரை ஏறியது பத்திரமாக இருக்கும். டிவிடிக்கான எம்பெக்-2 முறையில் நல்ல தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3.6 ஜிபி ஆகும். 4.7 ஜிபி டிவிடியில் அந்தத் தரத்தில் ஒரு மணி நேரம், கொஞ்சம் குறைத்தால் இரண்டு மணி நேரம் கொள்ளும். பெரிய கேசட்டை இரண்டு மூன்று டிஸ்க்காகப் பிரியுங்கள், ஒன்றிலேயே திணிக்க வேண்டாம். எழுதும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள். டிஸ்க்கில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், மார்க்கரால் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைலை அழிக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டுவையுங்கள், டிஸ்க்கும் ஒரு நாள் கெட்டுப்போகும்.

ஏற்றி முடித்தாயிற்று என்று கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இதைவிட நல்ல டெக் நாளைக்குக் கிடைக்கலாம்.

இப்போது என் மேஜையில் பக்கத்துத் தெரு அத்தா ஒருவர் கொடுத்த கேசட் இருக்கிறது. சவுதியில் டிவியிலிருந்து பதிவு செய்தது, கடைசிப் பத்து நிமிஷம் அவர் தன் பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பியது என்றார். அங்கே டிவி நம் பால் (PAL) முறையில் இல்லாமல் சீகாம் (SECAM) என்கிற வேறு முறையில் வந்தது, அதனால் என் டெக்கில் டிவிப் பகுதி கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிகிறது. பல முறைகளும் ஓடுகிற டெக் ஒன்று கீழக்கரையில் இருக்கிறதாம். நாளைக் காலைப் பஸ்ஸில் கேசட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.